ஜமைக்கா அக்காவும் நீல டிராயரும்

சீனிக்கிழங்கு துருவும்போது அக்காவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் துருவலை நிறுத்த மாட்டாள், தலையையும் நிமிர்த்த மாட்டாள். "வெரலு போயிரும்லே, அப்புறமா வா" என்பாள். போகப்போவது யாருடைய விரல் என்று சொல்வதில்லை. நாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள நிற்பதில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியும் அவள் காதுக்குப் போய்விடும். வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டுத் திட்டுவாள், ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க நீளம் இருக்கும். நான் வேறு துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்து பல வருஷம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. தவிர, தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'ஜமைக்கா அக்கா' என்றால் பால்காரர் முதல் பங்குச் சாமியார் வரை எல்லோருக்கும் தெரியும். அவள் ஜமைக்காவைக் கண்ணால் கண்டதில்லை. அதிகபட்சமாகப் போனது வேளாங்கண்ணி வரைதான், அதுவும் பஸ்ஸில் வழிநெடுக வாந்தி எடுத்துக்கொண்டு.

ஜமைக்கா போனவர் அவள் வீட்டுக்காரர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருந்து ஓய்ந்தவர். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஜமைக்காவில் கடற்கரை எப்படி, மனுஷர் எப்படி என்று கேட்டால் "நல்லாருக்கும்" என்று முடித்துக்கொள்வார். அங்கே என்ன தின்பார்கள் என்று கேட்டால் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். கையால் உருட்டியும் கிள்ளியும் மடித்தும் காட்டிக் காட்டிச் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல அக்கா அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

சனிக்கிழமை புட்டிங் நாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து தின்பதற்கு முந்தின நாளே செய்துவிட வேண்டுமாம், அங்கே அப்படித்தானாம். துருவிய சீனிக்கிழங்கில் தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் மைதா, உலர்ந்த திராட்சை, ஜாதிக்காய்த் தூள், தட்டிய இஞ்சி எல்லாம் சேர்த்துக் கலக்குவாள். கனத்த இரும்புச் சட்டியில் ஊற்றி வாசலில் வைத்துத் தீ மூட்டுவாள். சட்டிக்குக் கீழே சிரட்டைக் கரி, மூடிக்கு மேலேயும் சிரட்டைக் கரி. பாதி வெந்ததும் மூடியைக் கரியோடு இடுக்கியால் தூக்கி, கெட்டியான தேங்காய்ப்பாலை மேலாக ஊற்றி மறுபடி மூடுவாள். அப்போதுதான் மேல்பக்கம் குழைவாகவும் அடிப்பக்கம் இறுக்கமாகவும் வரும். மகள் வாங்கிக் கொடுத்த மைக்ரோவேவ் ஒன்றும் வீட்டில் இருந்தது. அதற்குள் அக்கா வாழைநார் சுருட்டி வைத்திருந்தாள்.

கருப்பட்டி உள்ளே வந்ததும் அத்தான் பேச்சால்தான். அந்த ஊர்ச் சீனி கறுப்பாக, ஈரமாக, கையில் ஒட்டும் என்று அவர் சொல்லியிருந்தார். "கறுப்பா ஈரமா ஒட்டுதுன்னா அது நம்ம உடங்குடிக் கருப்பட்டில்லா" என்று அவள் அன்றே முடிவு கட்டிவிட்டாள். அவர் சொல்லி அவள் கேட்காத ஒரே விஷயம் ரம். "ரம்மு ஊத்தணும்னு அவுக சொன்னாக. பாட்டில வாங்குனா புட்டிங்குக்கு ஒரு மூடி போவும், மிச்சம் எங்க போவும்னு எனக்குத் தெரியாதா?" என்பாள். மற்றபடி ஜமைக்காவைப் பற்றி அத்தான் வாயிலிருந்து எது வந்தாலும் அவளுக்கு அது வேதவாக்கு.

அவள் யாருக்கும் பயந்தவள் அல்ல. எங்கள் தெருவுக்கு வராமல் டிமிக்கி கொடுத்த தண்ணீர் லாரியை நடுரோட்டில் மறித்து, டிரைவரை ரிவர்ஸ் எடுக்க வைத்துக் கூட்டி வந்தவள். அப்படிப்பட்டவள் சட்டியை இறக்கி முதல் துண்டை அத்தான் கையில் கொடுத்துவிட்டுக் கரண்டியும் கையுமாக நிற்பதைப் பார்க்க வேண்டும். அத்தான் கண்ணை மூடி மெல்லுவார். கொஞ்ச நேரம் மேலே பார்ப்பார். "கிட்ட வந்துட்டு. இஞ்சி மட்டும் பத்தல" என்பார். அடுத்த சனிக்கிழமை இஞ்சி கூடும். அவர் மறுபடியும் அதையே சொல்வார். இப்படியே வருஷக்கணக்கில் போய், கிழங்கில் இஞ்சி போட்டிருக்கிறாளா, இஞ்சியில் கிழங்கு போட்டிருக்கிறாளா என்று எங்களுக்கே சந்தேகம் வரும் நிலைமை ஆகிவிட்டது.

தெருவில் எல்லோரும் தின்றார்கள். நம்பினார்களா என்றால் இல்லை. அதற்குக் காரணம் முக்கில் பேக்கரி வைத்திருந்த அண்ணாச்சி. மக்ரூன் போடுவதில் கெட்டிக்காரர், பிறத்தியார் பண்டத்தைப் பாராட்டுவதில் மகா கஞ்சர்.

"தேங்கா, புளி, இஞ்சி, வாழையெல, சீனிக்கெழங்கு. ஏலே, இதுல எதுலே ஜமைக்கா? இது அப்படியே சாத்தாங்குளம்லா!" என்பார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேங்காயைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, கருப்பட்டியிலும் இஞ்சியிலும் காய்ச்சி, வாழையிலையில் கரண்டி கரண்டியாக விட்டு ஆறவைத்து 'கோக்கனட் டிராப்ஸ்' என்று அக்கா நீட்டுவாள். எங்கள் கண்ணுக்கு அது கடலைமிட்டாயின் தம்பி. துருவிய தேங்காயைச் சீனியில் கிண்டி, மேல்பக்கம் மட்டும் ரோஸ் நிறம் ஏற்றினால் 'கிரேட்டர் கேக்' என்பாள். கல்யாண வீட்டில் நாங்கள் தின்ற தேங்காய் பர்பிக்கும் அதற்கும் வித்தியாசம் அந்த ரோஸ்தான். புளியைக் கொட்டையோடு சீனி போட்டுப் பிசைந்து உருட்டி வைப்பாள். மாசமாக இருக்கும் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "இது மசக்கைக்கு இல்லளா, ஜமைக்கா மிட்டாயி" என்று சொல்லிக்கொண்டே கை நிறையக் கொடுப்பாள்.

ஒருமுறை கோவில் திருவிழாவை ஒட்டிப் பெண்களுக்குச் சமையல் போட்டி வைத்தார்கள். அக்கா கிசாடா கொண்டுபோனாள். மைதா மாவைச் சின்னக் கிண்ணமாக்கி, விளிம்பைச் சுற்றிலும் கிள்ளிக் கிள்ளி நிறுத்தி, உள்ளே தேங்காயும் கருப்பட்டியும் ஜாதிக்காயும் கிண்டிய பூரணத்தை வைத்துச் சுட்டெடுப்பது. நடுவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 'நம் மண்ணின் பாரம்பரியப் பலகாரம்' என்ற பிரிவில் பரிசு கொடுத்துவிட்டார்கள். அக்கா மேடையில் ஏறினாள், மைக்கை வாங்கினாள். "இது நம்ம மண்ணு இல்ல, ஜமைக்கா மண்ணு. எங்க அவுக அங்க போயித் தின்னுட்டு வந்து சொன்னது" என்றாள். பரிசாகக் கொடுத்த ஹாட்பாக்ஸை நடுவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள். அது நல்ல ஹாட்பாக்ஸ். என் மனைவி அதைப் பற்றி இப்போதும் வருத்தப்படுகிறாள்.

ஆனால் அத்தானைத் தெரு முழுக்கப் புளுகர் ஆக்கியது வேறொரு பண்டம். பச்சை வாழைக்காயைத் துருவி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் பட்டைத்தூளும் சேர்த்து, வாழையிலையில் பொட்டலமாக மடித்து, நாரால் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவிப்பது. அதற்குப் பெயர் 'ப்ளூ ட்ராயர்ஸ்' என்று அத்தான் சொன்னார். அதாவது நீல டிராயர். அண்ணாச்சி பேக்கரிக் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம எலக் கொழுக்கட்டைக்குப் போயி எவனாவது டிராயர்னு பேரு வப்பானா? அதுவும் நீல டிராயரு! ஜமைக்காவும் போகல, ஒரு மண்ணும் போகல. கொழும்புல கப்பல நிறுத்திட்டு உக்காந்து யோசிச்சிருக்காரு. புளுகுனாலும் பொருந்தப் புளுகணும்லா?"

இந்தப் பேச்சு அக்காவின் காதுக்கு வந்தது. சண்டைக்குப் போவாள் என்று எதிர்பார்த்தோம், போகவில்லை. அன்று என்னிடம் மட்டும் சொன்னாள்: "என்னைய என்ன வேணாலும் சொல்லட்டும்லே. கட்டுன நாள்லேருந்து அவுக எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. இது பொய்யின்னா, இத்தன வருசமா நான் கிண்டுனதெல்லாம் என்னது?" அத்தான் பொய்யர் என்று ஆனால் அவள் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து நடக்க மாட்டாள் என்று மட்டும் தெரிந்தது.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், அனுமதி வாங்கிக் கரைக்கு இறக்கி, டாக்டரிடம் காட்டி, திரும்பக் கொண்டுபோய் ஏற்றிவிடுவது என் வேலை. அந்தச் சனிக்கிழமை நிலக்கரிக் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு இளம் எஞ்சினியர் பல்வலியோடு இறங்கினான். நல்ல உயரம், வலியில் ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கியிருந்தான். காரில் போகும்போது பேச்சுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். ஜமைக்கா என்றான். நான் போட்ட பிரேக்கில் அவனுடைய இன்னொரு கன்னமும் அடிபட்டிருக்கும்.

பல்லைக் குடைந்து அடைத்து, அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பல்லு வலியா அவனுக்கு?" என்றாள்.

"ஆமாக்கா. ஊசி போட்டிருக்கு. ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கு."

"அப்ப மெத்துமெத்துனு உள்ளதுதான் குடுக்கணும். புட்டிங் அடுப்புல கெடக்கு. நீல டிராயரு அவிச்சிருதேன். கூட்டிட்டு வா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதித் தெரு அவள் வாசலில் நின்றது. அண்ணாச்சி பேக்கரியை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருந்தார். அத்தானின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"அத்தான் எங்கக்கா?"

"உடங்குடிக்குப் போயிருக்காக. கருப்பட்டி வாங்க."

அவளுக்குப் பின்னால் சமையலறை அலமாரியில் பிரிக்காத கருப்பட்டி ஓலைக் கொட்டான்கள் வரிசையாக இருந்தன. நான் அவற்றைப் பார்த்ததை அவள் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. போன் வந்ததும் அத்தான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அண்ணாச்சிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "ஆளு கம்பி நீட்டியாச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

பையன் அத்தானின் நாற்காலியில் உட்காரப் போனான். அக்கா அவனைத் தடுத்து வேறு நாற்காலி போட்டாள். ஒரு தட்டில் இலைப் பொட்டலத்தை வைத்து அவன் மடியில் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத. யாரும் பேரு சொல்லக் கூடாது. அவனே சொல்லட்டும்" என்றார் அண்ணாச்சி.

பையன் நாரைப் பிரிப்பதற்கு முன்பே பொட்டலத்தைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் எழுந்து நின்றுவிட்டான். மரத்துப்போன வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, தெருவே அதிரும்படி கத்தினான்: "ப்ளூ ட்ராயர்ஸ்!"

அண்ணாச்சி படியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் அந்தப் பெயர் என்று அவர் கேட்கச் சொன்னதை நான் இங்கிலீஷில் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்கள் என்றான்.

அடுத்து புட்டிங். ஒரு துண்டை வலி இல்லாத பக்கமாக ஒதுக்கி மெதுவாகத் தின்றான். தின்னத் தின்ன அவன் கண் நிறைந்தது. அவன் அம்மாவும் சனிக்கிழமைதான் செய்வாள், வீட்டை விட்டு வந்து மாதக்கணக்காகிறது என்றான். நான் மொழிபெயர்த்தபோது அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவன் இருமினான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி ஒன்று சொன்னான். எனக்கு அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது.

"என்னலே சொல்லுதான்?"

"எல்லாம் அப்படியே இருக்காம்க்கா. இஞ்சி மட்டும் ரொம்பக் கூடுதலாம். அவங்க ஊர்ல யாரும் இவ்வளவு போட மாட்டாங்களாம்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னப் பையன். இவனுக்கென்ன தெரியும் ஜமைக்காவப் பத்தி?" என்றாள். நல்லவேளையாக அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அவன் மிச்சம் இருந்த டிராயர்களையும் ஒரு கருப்பட்டிக் கொட்டானையும் வாங்கிக்கொண்டு போனான். நான் அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கூட்டம் கலையவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் மாமியார் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. சுற்றி நின்ற பெண்களிடம், "பாத்தியளாளா, எங்க அவுக பொய்யரு இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்போது அத்தானின் ஸ்கூட்டர் தெருவுக்குள் திரும்பியது.

கூட்டத்தைக் கண்டதும் வண்டியைத் திருப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அண்ணாச்சி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மன்னிச்சிரும். நீரு போனவருதான். பூராவும் நெசம். அந்தப் பையனே சொல்லிட்டான்."

அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். "ஏன் அழுத?" என்றார்.

"சந்தோசத்துலதான். நீங்க எங்கிட்டப் பொய்யே சொன்னதில்லன்னு இன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சுட்டு."

அவர் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அவர் கருப்பட்டிக் கொட்டானை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"ஏளா, நான் ஜமைக்கால காலு வைக்கல" என்றார்.

அண்ணாச்சி பிடித்திருந்த கையை விட்டார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஊர்க்காரன் ஒருத்தன் கப்பல்ல எங்களுக்குச் சமைச்சான். ஒரு தடவ மாசக்கணக்கா நங்கூரம் போட்டுக் கெடந்தோம். சோறும் பருப்பும்தான். தெனமும் சாயங்காலம் உக்காந்து அவங்க அம்ம செய்யித பண்டத்தையெல்லாம் சொல்லுவான். நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். வீட்டுக்கு வந்து ஒங்கிட்டச் சொன்னேன். 'அங்க போயித் தின்னியளா'ன்னு நீ ஆசையாக் கேட்ட. இல்லன்னு சொல்லுததுக்குள்ள சட்டிய அடுப்புல வச்சிட்ட. பெறகு என்னத்தச் சொல்ல?"

"தின்னதும் இல்லியா?"

"இல்ல."

அக்கா எழுந்து நின்றாள். பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

"அப்ப இஞ்சி பத்தல, இஞ்சி பத்தலன்னு வாராவாரம் சொன்னியளே. அது எந்த ஜமைக்காவ வச்சிச் சொன்னிய?"

"அவன் அந்தப் புட்டிங்கச் சொல்லும்போது தொண்டையத் தடவிக்கிட்டே சொல்லுவான்" என்றார் அத்தான் பாவமாக. "அதான், தொண்டையில காரம் நிக்கணும் போலன்னு நெனச்சேன். அவனுக்கு ஊரு நெனப்புல தொண்ட அடைச்சிருக்கும், இப்பத்தான் தோணுது."

தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போனாள். பாத்திரம் ஒன்று வேகமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. இன்றைக்கு அத்தான் என் வீட்டில்தான் சாப்பிட வேண்டியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். அவள் மிச்சப் புட்டிங்கைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். அத்தானுக்கு ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள். அவர் தின்பதைப் பார்க்க நிற்காமல் நேராக அண்ணாச்சியிடம் போய்ப் பெரிய துண்டாக ஒன்றை அவர் கையில் வைத்தாள். அவர் மறுபேச்சு இல்லாமல் முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, கேட்டியள்லா? இவுக அங்க போகவும் இல்ல, தின்னவும் இல்ல. ஆனா அந்தப் பையன் கண்ணு கலங்குனத நீங்க பாத்திய."

அண்ணாச்சி தலையாட்டினார்.

"அப்ப இந்தத் தெருவுல ஜமைக்காவுக்குப் போயிட்டு வந்த ஆளு யாரு?"

அண்ணாச்சிக்கு வாய் நிறையப் புட்டிங். இஞ்சிக் காரத்தில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பேச முடியாமல் கையை நீட்டி அக்காவைக் காட்டினார். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்ற அத்தானும் அவளைத்தான் காட்டினார்.